ஒன்பது படங்களில் இருந்த அம்பு

சௌந்தர்யா என்ன வேலை பார்க்கிறாள் என்று திருச்செங்கோட்டில் அவள் தெருவில் யாருக்கும் சொல்லத் தெரியாது. மாமியார் பொன்னாத்தாள், கேட்டவர்களிடமெல்லாம் "கம்ப்யூட்டர்ல படம் போடுறாளுங்க" என்பார். அது பொய்யில்லை. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அலுவலகத்தில் உட்கார்ந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிப்பாள். ஒரு நோய் வந்தால் செல்லுக்குள் எந்தப் புரதம் எதைத் தூண்டுகிறது, எது எதைத் தடுக்கிறது என்று கட்டம் போட்டு அம்பு இழுப்பாள். ஒவ்வொரு அம்புக்கும் ஆதாரமாக ஒரு கட்டுரை இருந்தாக வேண்டும். ஒரு நோய்க்கு வரைந்த துண்டை அப்படியே எடுத்து இன்னொரு நோயின் படத்தில் பொருத்திக்கொள்ளலாம். அந்த வசதிக்காகத்தான் வெளிநாட்டு ஆய்வகங்கள் இவர்களிடம் வந்தன.

அவள் கணவன் தனபால் பதினெட்டு வருஷம் போர்வெல் வண்டியில் டிரில்லர். ராஜஸ்தான் வரை போய்ப் பாறையைத் துளைத்தவன். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அத்தனை கல்தூசியையும் உள்ளே இழுத்தான். தண்ணீர் கிடைத்த ஊரில் மாலை போட்டார்கள்; நல்லதாக ஒரு முகமூடி வாங்கித்தர எந்த முதலாளிக்கும் கை வரவில்லை. இப்போது நாற்பத்து நாலு வயதில் அவன் நுரையீரல் தழும்பேறி இறுகிவிட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் கிடக்கிறான். பாத்ரூம் போய் வந்தால் கால் மணி நேரம் மூச்சு வாங்குகிறது. வருஷக் கணக்கெல்லாம் பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கொடுமை என்னவென்றால், நுரையீரல் தழும்பு நோயின் படமே சௌந்தர்யா வரைந்ததுதான். முன்பு அது வேலை. இப்போது வேறு எந்த வேலையும் ஓடாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'தழும்பு' என்ற கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கி, அம்பு அம்பாகப் போனாள். எல்லாம் முட்டுச்சந்து. போன வாரம் ஒரே ஒரு வழி தட்டுப்பட்டது. ஒரு புரதத்தைத் தடுத்தால் தழும்புக்குப் போகும் பாதை அறுந்துவிடும். அதைத் தடுக்கும் மாத்திரையை மூட்டுவலிக்காக ஏற்கெனவே விற்கிறார்கள்.

பொறுக்க முடியவில்லை அவளுக்கு. அன்றைக்கே சொல்லிவிட்டாள். "மாமா, ஒரு வழி இருக்குதுங்க." அதுவரை கஞ்சியையே தள்ளி வைத்தவன், அன்று கறிக்குழம்பு கேட்டான்.

சேலத்து நெஞ்சுநோய் டாக்டரும் சிரித்துத் தள்ளிவிடவில்லை. "எதை வெச்சு சொல்றீங்களோ, அந்தக் கட்டுரையைக் கொண்டாங்கம்மா. வெள்ளிக்கிழமை பேசலாம்" என்றார்.

புதன்கிழமை மத்தியானம் அந்தக் கட்டுரையை அச்செடுக்கத்தான் திறந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளே பதிவு செய்த அம்பு. கட்டுரையில் இருந்தது எலியின் நுரையீரல். படிவத்தில் இருந்தது 'மனிதன்'. முந்தைய பதிவில் இருந்ததை மாற்றாமல் விட்டிருக்கிறாள். அதைச் சரிபார்த்த மேலதிகாரி குமரகுருவும் கவனிக்காமல் விட்டுவிட்டார். எலிக்கு ஆனது மனிதனுக்கும் ஆகாதா என்று வெறிபிடித்தவள்போலத் தேடினாள். பதில் கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன் மனித நுரையீரல் செல்களிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். அந்தப் புரதத்தைத் தடுத்தும் தழும்பு இம்மியும் குறையவில்லை.

எழுந்து போய்க் குமரகுருவிடம் சொன்னாள். அந்தத் துண்டு எங்கெங்கே போயிருக்கிறது என்று அவர் தேடிப் பார்த்தார். ஈரல், சிறுநீரகம் என்று ஒன்பது படங்களில் அது இருந்தது.

"இன்னைக்கே எடுத்துடுங்க மேடம். இதை நம்பி யாராச்சும் மருந்து தேடிட்டு இருக்கப் போறாங்க" என்றார். அவருக்கு அவள் வீட்டு விஷயம் தெரியாது.

"தேடிட்டுத்தான் இருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு வந்தாள்.

நாலு மணி வரை கை போகவில்லை. அப்புறம் அழித்தாள். ஒன்பது படங்களிலும் ஒரே நேரத்தில் போய்விட்டது. காரணம் கேட்ட இடத்தில், தவறு தன்னுடையது என்று பெயரோடு எழுதினாள்.

வீட்டுக்குப் போனபோது தனபால் சவரம் செய்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"பேப்பர் கொண்டாந்தியா அம்மிணி?"

"இல்லீங்க மாமா. அது எலிக்குப் பண்ணுனதுங்க. மனுசனுக்குன்னு நாந்தான் தப்பாப் போட்டுட்டேன். மனுசனுக்கு அது கேக்காதுங்க."

அவன் மூச்சைச் சேர்த்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. "இப்ப அது படத்துல இருக்குதா?"

"அழிச்சுட்டனுங்க."

அவன் கோபப்படவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "வெள்ளிக்கெழம வரைக்குமாச்சும் உட்டு வெச்சிருக்கக் கூடாதா?"

மத்தியானம் முழுக்க அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.