எட்டாம் நம்பர் பச்சல்மனை

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பிய அரைமணி நேரத்துக்குள், முற்றத்துக் கற்களின்மேல் ஓர் இரும்புக் கட்டில் இழுபடும் 'கர்ர்' என்ற சத்தம் கேட்கும். கேட்டவர்களுக்குப் பல் கூசும், பூனை ஓடிப்போகும், குழந்தைகள் நாங்கள் வாசலுக்கு ஓடிவருவோம். மூன்றாம் வீட்டிலிருந்து நான்காம் வீட்டுக்கு, நான்கிலிருந்து ஐந்துக்கு என்று வாரத்துக்கு ஒரு வீடாக அந்தக் கட்டில் நகரும்போது, கூடவே ஒரு தகரப்பெட்டியும், புஷ்பம் அத்தையும், அவருடைய மகள் ஸ்டெல்லாவும், மூன்று வயதுச் சின்னப்பனும் நகர்வார்கள்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்த மைசூர் அது. கன்னடத்தில் "வட்டாரா" என்பார்களே, ஒரே முற்றம், ஒரே குழாய், சுற்றிலும் ஏழு சின்ன வீடுகள், அப்படி ஓர் இடத்தில்தான் நாங்கள் குடியிருந்தோம். ஏழிலும் தமிழ்க் கிறிஸ்தவர்கள். டீச்சர், நர்சு, ஆபீஸ் பியூன் என்று மாதச் சம்பளக்காரர்கள். நான்காம் வீடு எங்களுடையது. அம்மா டீச்சர். எனக்கு வயது ஒன்பது, வாய்க்கு மட்டும் பத்தொன்பது என்று எல்லோரும் சொல்வார்கள்.

புஷ்பம் அத்தை எங்களுக்கு உறவில்லை, ஒரே கோயிலுக்குப் போகிறவர், அவ்வளவுதான். அவருடைய கணவர் மில்லில் வேலை பார்த்துக் காய்ச்சலில் இறந்தபின் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கொள்ளேகாலில் இருந்த கணவரின் அண்ணனுக்கு எழுதியதற்கு, "பார்க்கலாம்" என்று ஒரு கார்டு வந்தது. அதைப் படித்த என் அம்மா, "முடியாதுன்னு எழுதியிருந்தா மனுஷன். பார்க்கலாம்னா, அவ காத்திருந்து சாகட்டும்னு அர்த்தம்" என்றார். ஏழைப் பையன்கள் நாளுக்கொரு வீட்டில் சாப்பிட்டுப் படிக்கும் "வாரச்சோறு" அந்த நாளைய மைசூரில் சாதாரணம். "பையனுங்களுக்கு வாரச்சோறு போடுற ஊர்ல ஒரு பொம்பளைக்கு வாரக்கட்டில் போட முடியாதா?" என்று அம்மா கேட்க, ஏழு வீடும் சரியென்றது.

நான் நல்லவளாக இருந்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். கட்டில் எங்கள் வீட்டுக்கு வரும் வாரம் சுவரோரத்து என் இடம் போய்விடும். தலை சமையலறையிலும் கால் கூடத்திலுமாகப் படுத்து, ஸ்டெல்லாவின் குதிகால் முகத்தில் படும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று முணுமுணுப்பேன். பகலில் அவளை விட்டால் எனக்கு வேறு சிநேகிதியும் கிடையாது.

அப்போது அரிசி ரேஷனில்தான். கார்டில் பேர் இல்லாதவருக்கு அரிசி இல்லை, வீடு இல்லாதவருக்குக் கார்டு இல்லை. புதுக் கார்டுக்காகக் குமாஸ்தா பேரெழுத வந்தபோது, புஷ்பம் அத்தையையும் இரண்டு குழந்தைகளையும் எங்கள் வீட்டோடு சேர்த்துக் கொடுத்த அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. செய்த தருமத்தை வாய்விட்டுச் சொன்னால் அது தருமமே இல்லை என்று தவக்காலத்தில் சாமியார் பிரசங்கம் வைத்திருந்தார். அதை எங்கள் வட்டாராவில் பலரும் ஒழுங்காகக் கேட்டிருந்ததுதான் வினையாகப் போயிற்று. மற்றவர்கள் பயப்படுவார்கள், நாமாவது கொடுப்போம் என்று ஏழில் ஐந்து வீட்டில் தனித்தனியாக நினைத்து, ஐந்து வீட்டிலும் கமுக்கமாக அதே மூன்று பேரை எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பள்ளிக்கூட லீவில் ஒரு காலை, சரிபார்க்க இன்ஸ்பெக்டர் வந்தார். கறுப்புத் தொப்பி, தடித்த கண்ணாடி. முதல் வீட்டு வாசலில் நின்று, "புஷ்பம், இரண்டு மக்கள், இங்கேதானா?" என்றார். "ஆமா சார்." இரண்டாம் வீட்டிலும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் வீட்டில் அவர் கேட்பதற்கு முன்பே அந்த வீட்டு அம்மாள் தலையாட்டினார். குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த புஷ்பம் அத்தையின் கையில் துணி அப்படியே நின்றது. எங்கள் வாசலுக்கு வந்த இன்ஸ்பெக்டர் அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"மகூ," என்றார், குழந்தாய் என்பதைக் கன்னடத்தில். "இந்த அம்மா எங்கே படுப்பார்?"

எனக்கு மனப்பாடமான பாடம் அது. "இந்த வாரம் நம்ம வீட்ல. போன வாரம் மூணாம் வீட்ல. ஞாயித்துக்கிழமை அஞ்சாம் வீட்டுக்குப் போவாங்க" என்று ஒப்பித்தேன். அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்திய அழுத்தத்தில்தான் நான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஒலெ எல்லி?" என்று மட்டும் கேட்டார். அடுப்பு எங்கே என்று அர்த்தம். ஒரு குடும்பம் என்றால் அதற்கென்று ஓர் அடுப்பு வேண்டும், அடுப்பு எங்கேயோ கார்டும் அங்கேதான். நாளைக்குப் பத்து மணிக்கு வருவேன், இவருடைய அடுப்பைக் காட்டாவிட்டால் பொய் எழுதிக் கொடுத்த ஐந்து வீட்டுக்கும் கார்டு கிடையாது என்று கன்னடத்தில் நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

புஷ்பம் அத்தை அழவில்லை. உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்து, குழந்தைகளின் துணியை இரண்டு மூட்டையாகப் பிரித்தார். ஸ்டெல்லாவைக் கன்னியர் மடத்து அனாதை விடுதியில் சேர்த்துக்கொள்வார்கள். சின்னப்பன் பையன், அவனுக்கு வேறு விடுதி. அவர் எங்காவது வீட்டு வேலைக்குப் போவார். "என்னால அஞ்சு வீட்டு அடுப்பு அணையக் கூடாது டீச்சர்" என்றார். ஸ்டெல்லாவுக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிட்டார். அவள் என்னைப் பார்த்து, "அங்கே எனக்கே எனக்குன்னு ஒரு கட்டில் தருவாங்களாம்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் வேண்டிக்கொண்டதுதானே நடக்கிறது. இனி இந்த வாயைத் திறப்பதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன்.

மத்தியானம் டியூட்டி முடிந்து வந்த ஆறாம் வீட்டு நர்சு ரோசம்மா முழுக்கதையையும் நின்றபடியே கேட்டார். "ஏன் ரீ, எல்லாரும் இழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க? நம்ம பச்சல்மனையில ஒலெ இருக்குதல்வா?" என்றார் கன்னடம் கலந்த தமிழில்.

பச்சல்மனை என்றால் குளியலறை. முற்றத்து மூலையில் ஓடு போட்ட ஒற்றை அறை. ஏழு வீட்டுக்கும் அது ஒன்றுதான். உள்ளே வெந்நீர் அண்டாவுக்காகக் கட்டிய பெரிய அடுப்பு இருந்தது. "அப்ப நாம எங்க குளிக்கிறது?" என்று யாரோ கேட்டதற்கு, "குளிக்க நாலு சாக்கு போதும். குடும்பம் நடத்தத்தான் சுவர் வேணும்" என்றார் ரோசம்மா. பெங்களூரில் இருந்த வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதிக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னார். எழுதினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆண்கள் அண்டாவைப் பெயர்த்து வெளியே வைத்தார்கள். பெண்கள் பாசியைத் தேய்த்தார்கள், மணலும் சாக்கும் போட்டு ஈரத்தை ஒற்றினார்கள். அண்டா உட்கார்ந்த அடுப்பின் வாய் சின்னச் சட்டிக்கு ஆகாதென்று களிமண் குழைத்து அதைக் குறுக்கினார்கள். நானும் ஸ்டெல்லாவும் மண் மிதித்தோம். அவள் என்னோடு பேசவில்லை. கடைசியாகக் கட்டில் 'கர்ர்' என்று முற்றத்தைக் கடந்தது, அது ஞாயிற்றுக்கிழமை இல்லையென்றாலும்.

மறுநாள் பத்து மணிக்கு அவர் வந்தபோது களிமண் காயவில்லை. சட்டியில் கஞ்சி கொதித்தது, அடுப்பு புகைந்தது, சுவரில் சோப்பு வாடை இன்னும் போகவில்லை. வாசலில் அண்டா குப்புறக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து அடுப்பின் விளிம்பைத் தொட, விரலில் மண் ஒட்டியது. அதைச் சற்று நேரம் பார்த்தவர், கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"நீ சொல்லு மகூ. இவர் எங்கே படுப்பார்?"

வாயைத் திறப்பதில்லை என்று நேர்ந்துகொண்டது நினைவுக்கு வந்தது. "இங்கே" என்றேன்.

"எத்தனை நாளாக?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "நேத்துலேர்ந்து" என்றேன். "இனிமே எப்பவும்."

அவர் விரலைத் துடைத்துக்கொண்டு, ஐந்து வீட்டுப் பட்டியலிலும் அந்த மூன்று பேரை அடித்தார். பொய்க்கு அபராதமாக ஐந்து வீட்டுக்கும் அந்த மாதச் சர்க்கரை கிடையாது என்றார். பிறகு புதிதாக ஒரு தாளை எடுத்துக் கதவு எண் என்ன என்று கேட்டார். ஸ்டெல்லாதான் அடுப்புக்கரியை எடுத்துக் கதவில் 8 என்று எழுதினாள்.

அந்த மாதம் முழுக்க வெல்லக் காப்பிதான். யாரும் என்னைத் திட்டவில்லை. ஏழு வீட்டாரும் மைசூர்க் குளிரில் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டே பன்னிரண்டு வருடம் குளித்தோம். புஷ்பம் அத்தைக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்தது. ஸ்டெல்லா நர்சாகி, அம்மாவையும் தம்பியையும் வேறு வீட்டுக்கு அழைத்துப் போகும்வரை எட்டாம் நம்பர் எட்டாம் நம்பராகவே இருந்தது.

இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். முற்றமும் இல்லை, குழாயும் இல்லை, அடுப்பைத் தொட்டுப் பார்க்கும் இன்ஸ்பெக்டரும் இல்லை. எண்பதைத் தாண்டிய நான் அதே ஊரில் மகன் வாங்கிக் கொடுத்த பிளாட்டில் தனியாக இருக்கிறேன். இரண்டு குளியலறை, இரண்டிலும் வெந்நீர். ஓர் அறையில் கட்டில் விரித்தபடியே கிடக்கிறது.

போன மாதம் எங்கள் கட்டடத்தில் மாடிப்படி கூட்டும் பெண் வந்து, வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், இரண்டு பிள்ளைகளோடு ஒரு வாரம் மட்டும் அந்த அறையில் இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டாள். பிளாட் சங்கத்தில் என்ன சொல்வார்கள், மகன் என்ன சொல்வான் என்று என்னென்னவோ மனதில் ஓடியது.

"பார்க்கலாம்" என்றேன்.