டை கட்டிக்கொண்டு பிள்ளை பிடிக்கப் போனது

மைக்கைக் கையில் கொடுத்தால் நான் தவறாமல் சொல்லும் பொய் ஒன்று உண்டு. "நான் அரசுப் பள்ளியில் படித்தவன், விரும்பித் தேர்ந்தெடுத்துப் படித்தவன்" என்பேன். முதல் பாதி சத்தியம். ஆனால் கைதட்டல் விழுவது இரண்டாம் பாதிக்கு என்பதால் அதை விட மனம் வருவதில்லை. உண்மையில் நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. பதினொரு வயதில், மே மாத உச்சி வெயிலில், பேரையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் கழுத்தில் டை கட்டிக்கொண்டு நடந்ததுதான் காரணம்.

எங்கள் வீடு அப்போதும் மதுரைக் கோச்சடையில்தான். அப்பா மதுரையில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். அம்மா அந்தக் கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறித் திரும்புவார். நான் அந்த வருடம் ஐந்தாவது முடித்திருந்தேன். அப்பா தன் ஆபீசரிடம் தலையைச் சொறிந்து, அவர் கையால் ஒரு கடிதம் வாங்கி, நகரத்திலேயே பேர்போன ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் எனக்கு ஆறாம் வகுப்புக்கு இடம் பிடித்துவிட்டார். சீருடையும் தைத்தாகிவிட்டது. அதோடு ஒரு மெரூன் நிற டை. முடிச்சு முன்கூட்டியே போட்டு, எலாஸ்டிக் வைத்தது. தலைவழியாக மாட்டினால் தீர்ந்தது. பள்ளி திறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. நான் அதற்குள் அந்த டையைச் சாப்பிடும்போதும் மாட்டி, கழிவறைக்குப் போகும்போதும் மாட்டி, பாதிப் பழசாக்கியிருந்தேன்.

மே மாதம் வந்துவிட்டால் அம்மாவின் பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. ஐந்தாவது முடித்த பிள்ளைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு, தெருத் தெருவாகப் பிரித்துக்கொண்டு, வீடு வீடாகப் போய் "ஆறாவதுக்கு எங்க பள்ளிக்கூடத்துல சேத்துவிடுங்க" என்று கேட்க வேண்டும். இதற்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர், பிள்ளை பிடிக்கப் போவது. பிள்ளைகள் குறைந்தால் ஒரு ஆசிரியரை உபரி என்று சொல்லி வேறு எங்காவது தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்தப் பள்ளிக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவர் என்ற முறையில் உபரியாவதற்கு முதல் தகுதி அம்மாவுக்குத்தான் இருந்தது.

அன்று வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கிளம்பும்போதே சொன்னார்: "அந்தக் கழுத்துக் கயித்த வீட்டுல வச்சுட்டு வா." நானும் வைத்துவிட்டேன், டிரவுசர் பையில். பஸ்ஸை விட்டு இறங்கி, அம்மா நோட்டும் குடையுமாக முன்னால் நடக்க, பின்னால் வந்த நான் டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். தலைவழியாக மாட்டினால் தீர்ந்தது என்று சொன்னேன் அல்லவா.

தெருவில் பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். தன் மேல் உள்ள மரியாதை என்று அம்மா பதிலுக்குச் சிரித்தார். என் மேல் உள்ள மரியாதை என்று நான் சிரிக்காமல் விறைப்பாக நடந்தேன். நாலு வீட்டில் "பாப்போம் டீச்சர்" என்றார்கள். ஒரு வீட்டில் நாய் குரைத்தது.

ஆறாவது வீட்டில்தான் அந்த அம்மாள் இருந்தாள். வாசலில் உட்கார்ந்து சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் என் வயதுப் பெண் ஒருத்தி, இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு, என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே கட்டிலில் படுத்திருந்த ஒருவரின் கால்கள் மட்டும் தெரிந்தன. அந்த வீட்டுக்காரராக இருக்க வேண்டும்.

அம்மா வழக்கமான பாடத்தை ஆரம்பித்தார். புத்தகம் இலவசம், மத்தியானம் சோறு, எல்லாரும் பட்டம் வாங்கிய டீச்சர்கள், பத்தாவது வரை உள்ளூரிலேயே படிக்கலாம். அந்த அம்மாள் முறத்தை நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி யாரு, உங்க மகனா டீச்சர்? எந்தப் பள்ளிக்கூடம் ராசா?"

நான் பள்ளியின் முழுப் பெயரையும் 'மெட்ரிகுலேஷன்' உட்பட மூச்சு விடாமல் சொன்னேன். அப்போதுதான் அம்மா திரும்பி என் கழுத்தைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், என் கல்லூரி முதல் வருட மதிப்பெண் பட்டியல் வந்த அன்று.

"அப்ப உங்க பிள்ளைக்கு ஆகாத பள்ளிக்கூடம் எம்பிள்ளைக்கு மட்டும் ஆகுமாக்கும்?" என்றாள் அந்த அம்மாள். பக்கத்தில் நிற்கும் எங்களிடம் பேசுவதற்கு அம்புட்டுச் சத்தம் தேவையே இல்லை. எனக்கு அழுகை வந்தது. என் அம்மாவிடம் யாரும் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை.

"ஆகாதுன்னு இல்லம்மா. எங்களுக்கு வீடு மதுரையில. சின்னப் பையன், இம்புட்டு தூரம்..."

"நீங்க தெனமும் வாரீகள்ல? அதே பஸ்ஸுதான?"

அம்மா விஞ்ஞானம் படித்தவர், அதே பஸ்ஸில் இன்னொரு ஆள் உட்கார முடியாது என்று நிரூபிக்க அவராலும் முடியவில்லை.

"ஒண்ணு செய்யிங்க டீச்சர். நீங்க உங்க மகன இங்க போடுங்க. நான் எம்மகளப் போடுறேன். இதுதான் பேச்சு." இதையும் தெருக்கோடி வரை கேட்கும்படிதான் சொன்னாள். உள்ளே கட்டில் முனகியது. கால்கள் மடங்கின.

அம்மா கதவுக்குப் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்தார். உள்ளே மடங்கிய அந்தக் கால்களையும் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து, "உம் பேரு என்னம்மா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அதற்குக் கீழே என் பெயரையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை என்றால் இரண்டு பேரும் கத்த வேண்டும்.

"நான் ஆபீசர்ட்ட நாயாட்டம் நின்னு வாங்குன சீட்டுடி அது. நீ பாட்டுக்கு எவ வாசல்லயோ நின்னு குடுத்துட்டு வந்திருக்க?" என்றார் அப்பா.

"வாக்குக் குடுத்துட்டேங்க."

"யாருக்கு?"

"பிள்ளையப் பெத்த ஒருத்திக்கு."

"நாமளுந்தானடி பெத்திருக்கோம்."

"அதனாலதான்" என்றார் அம்மா. அப்பா ஒரு வாரம் அவருடன் பேசவில்லை. ஆபீசரின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, அவர் அறை இருந்த மாடிப் பக்கமே போகாமல் ஒரு மாதம் வேலை பார்த்தார். நான் கட்டிலுக்கடியில் படுத்து அழுதேன். டை கட்டியதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்பதுதான் என் வழக்கு. ஒரு அடியோடு முடித்திருக்கலாம்.

ஜூன் மாதம் நானும் அம்மாவும் இரண்டு பஸ் மாறினோம். வகுப்பில் அந்தப் பெண் எனக்கு முன்னாலேயே வந்து, எண்ணெய் வழியும் சடையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் மகனுக்கு என்ன சலுகை கிடைத்தது என்றால், வகுப்பில் யார் பேசினாலும் முதல் அடி எனக்கு விழும். மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டுமாம். ஒருநாள் அறிவியல் வகுப்பில் சந்தேகம் கேட்க எழுந்து 'அம்மா' என்று கூப்பிட்டுவிட்டேன். பத்தாவது முடியும் வரை பையன்கள் என்னிடம் அதையே சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் அங்கே ஒரு வேப்பமரமும் ஊரளவு மைதானமும் இருந்தன. ஐந்து வருடத்தில் நான் அழுதது மொத்தமாக இரண்டு முறை, இரண்டும் கணக்குப் பரீட்சைக்காக. அம்மா உபரியாகவில்லை. அப்பாவும் மெல்ல, 'எம்மகன நாந்தான் விரும்பி கவர்மெண்ட் ஸ்கூல்ல சேத்தேன்' என்று சொல்லத் தொடங்கினார். மேடைப் பொய் எனக்குப் பரம்பரையாக வந்தது.

அந்தப் பெண் பொறியியல் படித்து, இப்போது மின்வாரியத்தில் இருக்கிறாள். வீடும் கோச்சடைக்கே வந்துவிட்டது. எங்கள் தெருவில் கரண்ட் போனால் முதல் போன் அவளுக்குத்தான். போன மாதம் அவள் தன் மகளை இங்கேயே அரசுப் பள்ளியில் ஆறாவது சேர்த்ததாகச் சொன்னாள். எனக்கு மைக் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. "அன்னைக்கு நான் மெட்ரிகுலேஷன விட்டுட்டு வந்ததுனாலதான ஒங்கம்மா ஒன்னயச் சேத்துச்சு? என் தியாகத்த மறந்துராத" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த ஆனி மாதம் அவளைத் தீப்பெட்டி வேலைக்கு அனுப்புவதாக அவள் அய்யா, அதாவது அப்பா, பேசி முடித்திருந்தாராம். ஐந்தாவது போதும், இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து எவள் உருப்பட்டாள் என்று அவர் கேட்டதற்கு அவள் அம்மாவிடம் பதில் இல்லாமல் இருந்ததாம். அந்த நேரத்தில்தான் நாங்கள் போய் நின்றிருக்கிறோம். வாசலில் அவள் அம்மா போட்ட சத்தம் எங்களுக்கு இல்லை, உள்ளே கட்டிலில் கிடந்தவருக்கு. டீச்சர் வீட்டுப் பிள்ளையே இங்கேதான் படிக்கப் போகிறது என்று டீச்சர் வாயாலேயே அவர் காதில் விழ வேண்டும். எனக்கு அது அன்று தெரியவில்லை. அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்ற அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, எப்படியோ நான் வந்ததுனாலதான?" என்றேன்.

"அட நீ வேறப்பா. எங்கய்யா காதுல விழுற மாதிரி ஒரு வார்த்த வந்தாப் போதும்னுதான் எங்கம்மா கேட்டுச்சு. நெசமாவே நீ பையத் தூக்கிட்டு வருவன்னு யாரு கண்டா? மொத நாள் ஒன்னயப் பாத்துட்டு எங்கம்மா ராத்திரி பூராம் பொலம்புச்சு, 'அடப்பாவமே, அந்த டீச்சரு நெசமாவே கொண்டாந்து போட்டுட்டாளே, நல்லாப் படிக்கிற பிள்ளையாட்டம் இருந்துச்சே'ன்னு."