நடக்கச் சொன்ன டாக்டர் ஐயா

லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டினேன். மழை நாளில் கால் வழுக்கியது. கத்தி முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள்.

காயம் மூடத் தொடங்கியதும் டாக்டர் ஐயா காலை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து கலக்கிக் கொடுக்கிறவர்தான். நாங்கள் டாக்டர் ஐயா என்போம்.

"எழும்பி நட. படுத்துக் கிடந்தால் முழங்கால் இறுகிப் போகும். பிறகு மலை ஏறமாட்டாய்."

"சரிங்க" என்றேன். எழுந்திருக்கவில்லை.

அங்கே யாருமே எழுந்திருப்பதில்லை. ஆஸ்பத்திரி வராந்தா ரோட்டைப் பார்த்திருந்தது. கங்காணி தினமும் அந்த வழியாகப் போவார். நடக்கிறவனைக் கண்டால் மறுநாள் விடியற்காலை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில், அவன் பேரைக் கூப்பிடுவார். நடக்கிறவன் வேலை செய்வான். தோட்டத்தில் அவ்வளவுதான் பேச்சு.

டாக்டர் ஐயா விடவில்லை. எங்கள் வெற்றிலைப் பைகளை வாங்கி வராந்தாவின் கோடியில் ஆணியில் மாட்டினார்.

"வேணுமெண்டால் நடந்துபோய் எடுங்கோ."

பக்கத்துக் கட்டில் கிழவர் சிரித்தார். "வெத்தல போடப் போனா மம்பட்டியத் தூக்கணுமாக்கும்!"

ஒருவரும் போகவில்லை. வாய் நமநமத்தது. பைகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம்.

கொழுந்தெடுத்துவிட்டு என் மனைவி வந்தாள். கூடையைக்கூட இறக்கவில்லை.

"ஒம் புருசன் நடக்குறானான்னு கங்காணி கேட்டாரு. பாயோட பாயாக் கெடக்குறாருன்னு சொல்லியிருக்கேன். என்னையப் பொய்க்காரி ஆக்கிப்புடாதீங்க."

"கால் போயிருமாம்."

"காயம் ஆறாம மலைக்குப் போனா மட்டும் கால் இருக்குமா?"

போய்விட்டாள்.

மறுநாள் சோறு ஆக்கும் குசினிக்குப் பின்னால் போனேன். ரோட்டிலிருந்து அது தெரியாது. சுவரைப் பிடித்து நடந்தேன். வலித்தது. ஆனால் முழங்கால் கொஞ்சம் மடங்கியது. தினமும் போனேன். ஒருநாள் கங்காணி ஓடைப் பக்கமாக ஏறி வந்துவிட்டார்.

"என்ன மாப்புள, பொண்ணு பாக்கக் கெளம்பியாச்சா?"

நான் சுவரை விட்டேன். ஏன் விட்டேன் என்று தெரியவில்லை. விட்டும் நின்றேன். அதையும் பார்த்தார்.

டாக்டர் ஐயா உள்ளிருந்து வந்தார். "நான்தான் நடக்கச் சொன்னனான். காயம் இன்னும் பச்சை. வேலைக்கு விடேலாது."

"நடந்தா வேலைதானுங்களே ஐயா. தொரைக்கிட்ட நீங்களே கேளுங்க."

ஐயா தோட்டத்துத் துரையிடம் போனார். என்ன பேசினாரோ. திரும்பி வந்து என் காலில் இன்னொரு கட்டு கனமாகச் சுற்றினார். மறுநாள் வேலைக்குப் போகவேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

விடியலில் பெரட்டுக்களத்தில் கங்காணி எல்லார் முன்னாலும் சொன்னார்: "பொண்டாட்டி வாய் ஒண்ணு சொல்லுது, புருசன் காலு ஒண்ணு சொல்லுதே." சிரித்தார்கள். அவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு முன்னால் போனாள்.

சரிவில் குனிந்து வெட்டினேன். மத்தியானத்துக்குள் கட்டு நனைந்து சிவந்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள்.

இந்த முறை காயம் மூட வெகுநாள் ஆனது. டாக்டர் ஐயா கட்டு மாற்றுவார். நடக்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூடியபோது கால் நீட்டியபடியே நின்றுவிட்டது. கங்காணி வந்து மடக்கச் சொன்னார். தானே பிடித்து அழுத்தியும் பார்த்தார்; மடங்கவில்லை.

அதன்பிறகு பெரட்டில் என்னைக் கூப்பிடவில்லை. என் மனைவியை மட்டும் கூப்பிட்டார்.