சர்வருக்கும் நல்ல நேரம்

எங்கள் அச்சகத்தில் சர்வருக்கும் நல்ல நேரம் உண்டு. சிரிக்காதீர்கள். சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கிற இடம் அது. ராகு காலத்தையும் எமகண்டத்தையும் ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுத்துவிட்டு நாங்கள் மட்டும் மீற முடியுமா? சர்வர் இருக்கிற கம்ப்யூட்டர் அறையில் எதைப் புதிதாக ஏற்றுவதென்றாலும், எதை அணைத்துப் போடுவதென்றாலும் அண்ணாச்சியிடம் நேரம் கேட்க வேண்டும். அண்ணாச்சி என்றால் எங்கள் முதலாளி. அஷ்டமி, நவமி, கரிநாள் ஆகாது. ராகு காலம் ஆகவே ஆகாது.

அந்த அறையை இரண்டு பேர் பார்த்துக்கொண்டோம். நானும், என்னைவிட இளையவனான ஒரு தம்பியும். ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ்ஸில் வருவான். பஞ்சாங்கம் பக்கமே திரும்பாதவன். மென்பொருளில் ஓட்டை என்று தகவல் வந்து, அதை அடைக்கிற பேட்சும் வந்துவிட்டால், வந்த கையோடு போட்டுவிடுவான். அண்ணாச்சி கேட்டால், "நல்ல நேரத்துலதான் போட்டேன் அண்ணாச்சி, சாமி கும்பிட்டுட்டுத்தான் போட்டேன்" என்பான். நெற்றியில் திருநீறு வேறு இருக்கும். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிடுவேன்.

பிறகு ஏஐ வந்தது. வந்ததென்ன, நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். ஓட்டையைத் தேடுகிற திருடனுக்கும் ஏஐ, அடைக்கிற எங்களுக்கும் ஏஐ என்று ஆகிவிட்டதில், எப்போதாவது வந்த பேட்ச் ஓயாமல் வர ஆரம்பித்திருந்தது. புதுக் கருவி எல்லாவற்றையும் தானே பார்த்து, தானே போட்டு, அண்ணாச்சியின் போனுக்கு அறிக்கையும் அனுப்பியது. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். "அப்ப இனிமே அந்த ரூமுக்கு எத்தன ஆளும்மா வேணும்?" என்று கேட்டார். கெட்டிக்காரி என்று பேர் வாங்குகிற ஆசை எனக்கு. "ஒரு ஆளு போதும் அண்ணாச்சி" என்றேன். அந்த ஒரு ஆள் நான்தான் என்று எனக்குத் தெரியாதா என்ன?

தம்பி போனான். போகிற அன்று பாஸ்வேர்டுகளையெல்லாம் பொறுமையாக ஒப்படைத்தான். "சீசன் நேரம், ஒடம்பப் பாத்துக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் மறுநாளே அண்ணாச்சியின் விதிகளை ஏஐக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். அஷ்டமியில் தொடாதே, நவமியில் தொடாதே, ராகு காலத்தில் தொடவே தொடாதே. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. தம்பியைப் போல அதற்குப் பொய் சொல்ல வராது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரியாபட்டியில் அம்மா வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போனில் ஏஐயின் செய்தி. அவசரமான பேட்ச் வந்திருக்கிறது, இந்த ஓட்டை வழியாகப் பல இடங்களில் ஏற்கெனவே புகுந்துவிட்டார்கள், இன்று அஷ்டமி என்பதால் நிறுத்திவைத்திருக்கிறேன், விதியை மீறிப் போடலாமா? பாவம், அது கேட்கத்தான் செய்தது. போட்டால் அறிக்கை நேராக அண்ணாச்சிக்குப் போகும். அஷ்டமியில் யார் கை வைக்கச் சொன்னது என்று குதிப்பார். ரெண்டு நாள்தானே என்று 'வேண்டாம்' என்பதை அமுக்கிவிட்டு எலும்பைக் கடிக்கப் போய்விட்டேன். திங்கள் நவமி. அன்றும் கேட்டது. அன்றும் அதே பதில்தான்.

செவ்வாய் காலையில் ஒரு கோப்பும் திறக்கவில்லை. அடுத்த வருஷக் காலண்டர் ஆர்டர் அத்தனையும் பூட்டிக் கிடந்தது. எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் பணம் கேட்டு ஒரு மிரட்டல். தலையில் கை வைத்து உட்கார்ந்த அண்ணாச்சி திடீரென்று மேசையைத் தட்டினார்.

"அவன்தாம்மா! வயித்தெரிச்சலோட போனவன். பாஸ்வேர்டு பூரா அவனுக்குத் தெரியும்ல? ஸ்டேஷன்ல அவன் பேர எழுதிக் குடுத்துருவோம். இன்னைக்கு வேண்டாம், செவ்வாக்கெழம. நாளைக்குப் புதன். பொன்னு கெடைச்சாலும் புதன் கெடைக்காதும்பாக."

அவன் இல்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி அண்ணாச்சி" என்றுதான் வந்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா!

மத்தியானம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தாயில்பட்டிக்குப் போனேன். தம்பி அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியின் வாசலில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். உள்ளே போகிறவர்களிடம் போன், தீப்பெட்டி, பீடியெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிற வேலை. எங்கள் சர்வரைக் கட்டி நிறுத்தினவனுக்கு அந்த வேலை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாங்கக்கா, சாப்பிட்டீகளா?" என்றபடி கையை நீட்டினான். போனைக் கொடுத்தேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அஷ்டமி என்றதும் விழுந்து விழுந்து சிரித்தான். "நான் எம்புட்டு அஷ்டமில போட்டுருக்கேன்! அண்ணாச்சி தேதி கிழிக்க முன்ன போட்டு முடிச்சிருவேன்ல?" புகார் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இங்கன போலீஸ் வந்து என் பேரச் சொன்னா, மறுநாள் வாசல்ல நிக்க விட மாட்டாகக்கா. அண்ணாச்சிகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"நாளைக்குக் காலைல சொல்லிருதேன் தம்பி."

"நல்ல நேரம் பாத்தா?"

எனக்குச் சுருக்கென்றது. அவன் போனை எடுத்து என்னிடமே கொடுத்தான். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பேசுங்க. இங்கன பேசக் கூடாது."

மணி மூன்று தாண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை ராகு காலம். அந்த நேரத்தில் அண்ணாச்சி போனை எடுக்கவே யோசிப்பார். எடுத்தார். ஒன்று விடாமல் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்று வாய் சொன்னது. போய்விடக் கூடாதே என்று மனசு மாரியாத்தாளைக் கும்பிட்டது.

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

"அப்ப அவன் இல்ல. சரி, அவன் பேரு வேண்டாம். நீ என் பேச்சத்தானம்மா கேட்ட? ஓம்மேல என்ன தப்பு? ஒத்த ஆளு பத்தாது போலிருக்கு. அவனையே திரும்பக் கூப்பிட்டுப் பாரு."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். ஆனாலும் சந்தோஷம் தாங்காமல் ரோட்டைத் தாண்டி ஓடினேன். "தம்பி, புகார் இல்ல. அண்ணாச்சி ஒன்னயத் திரும்பக் கூப்பிடுதாக. வந்துரு."

"வேண்டாம்க்கா."

"ஏம்ப்பா?"

"ஒரு ஆளு போதும்னு நீங்கதான சொன்னீக. என்னய அனுப்புத அன்னைக்கே அண்ணாச்சி சொல்லிட்டாக."

கோபமாகச் சொல்லவில்லை. பாஸ்வேர்டுகளை ஒப்படைத்தபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோதும் தெரிந்திருக்கிறது. லோடு ஏற்ற ஒரு லாரி வந்து நின்றது. டிரைவரிடம் போன் வாங்க அவன் போய்விட்டான்.