முப்பது பண்டல்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த புதிது. என் ஊரான திமிரியிலிருந்து தினமும் பஸ். காலேஜில் டேட்டாபேஸ் பாடத்தில் நல்ல மார்க் எடுத்திருந்ததால், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

அங்கே கட்டிங் பகுதியில் தோலை வெட்டி, பண்டலாகக் கட்டி, தையல் பகுதிக்கு அனுப்புவார்கள். அதுவரை நோட்டில் எழுதி வந்ததைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவதுதான் என் முதல் வேலை. பண்டல்களை வண்டியில் தள்ளிப்போகும் அக்கா எண்ணிக்கையைச் சொல்வார். என் புரோகிராம் கட்டிங் இருப்பில் அதைக் கழிக்கும். ஒரு சீட்டு அச்சடிக்கும். பிறகு தையல் இருப்பில் கூட்டும். எல்லாரும் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது வாரமே கணக்கில் முப்பது பண்டல் உதைத்தது. கட்டிங்கிலிருந்து போயிருக்கிறது, தையலுக்கு வந்து சேரவில்லை. தையலில் பழைய சரக்கும் கலந்து கிடந்ததால் எண்ணிப் பார்க்கவும் வழியில்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "புரோகிராம்ல தப்பு வர சான்ஸே இல்ல சார்" என்றேன். திரையைக்கூடத் திறந்து பார்க்காமல் சொன்னேன். பழி வண்டி தள்ளிய அக்கா மேல் விழுந்தது. அத்தனை பேர் முன்னாலும் அவருடைய சாப்பாட்டுப் பையைக் கொட்டிப் பார்த்தார்கள், சோறு தரையில் சிதறியது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பெண்களைத் தனியாகப் படிக்க வைக்கிறவர் அவர்.

மனசு கேட்காமல் மதியம் போய்ப் பார்த்தேன். கேட் பக்கத்து வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"எட்த்துனு போயி நான் இன்னாமா பண்ணப் போறேன்? அந்தப் பக்கம் வாங்கிக்கினாதான் வண்டிலேர்ந்து கைய எடுப்பேன். வாங்கலன்னா மொத்தத்தையும் திருப்பி கட்டிங்குக்கே தள்ளினு வந்துடுவேன். பாதி வழில வுட்டதே இல்ல. அன்னிக்கு சீட்டு வர்றப்ப கரண்ட் போச்சே, நீகூட கையால எழுதிக் குடுத்தியே, அந்த வண்டியக்கூட கொண்டுபோய் சேத்துட்டேன்."

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். கரண்ட் போன அன்று யூ.பி.எஸ். பேட்டரியும் செத்திருந்தது. கழித்தது பதிந்திருக்கிறது, சீட்டு அச்சாகும்போது கம்ப்யூட்டர் அணைந்ததால் கூட்டவே இல்லை. சரியாக முப்பது பண்டல். கழிப்பதையும் கூட்டுவதையும் ஒரே பரிவர்த்தனையாகக் கட்ட வேண்டும், நடுவில் நின்றால் இரண்டுமே நடக்காத மாதிரி பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பது டேட்டாபேஸ் பாடத்தின் அரிச்சுவடி. பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அக்கா படிக்காமலே அதைத் தினமும் செய்துகொண்டிருந்தார்.

அந்தப் புரோகிராமைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே வேறு யாரும் இல்லை. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உண்மையைச் சொல்கிறேன், கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேலை போய்விட்டால் வீட்டில் என்ன சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் கொட்டிக் கிடந்த அந்தச் சோறு ஞாபகம் வந்தது. எழுந்து மேனேஜரிடம் போனேன்.

நல்ல திட்டு வாங்கினேன். வேலை மட்டும் தப்பியது. அக்காவை உள்ளே கூப்பிட்டு, வேலையில் தொடரச் சொன்னார்கள். எல்லார் முன்னாலும் பழி வந்ததால் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன், பாதியில் அழுதுவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுடுமா, வந்து சொன்னியே, அதுவே போதும். ஆனா மொதல்லயே எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

புரோகிராமைத் திருத்த அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது வேறு கம்பெனியில், இதைவிடப் பெரிய டேட்டாபேஸ்களில் வேலை செய்கிறேன். எங்கேயாவது கணக்கு உதைத்தால் முதலில் என் புரோகிராமைத்தான் சந்தேகப்படுகிறேன். யார் மேலாவது பழி விழுவதற்கு முன்னால், அவரிடமே போய் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.