கைக்குட்டைக்குள் தெரிந்த முகம்

நெல்லித்தோப்பில் பைக்கில் வந்து சங்கிலியைப் பறித்துப் பூக்காரம்மாவைத் தள்ளிக் கொன்றவனை நான் சரியாகப் பார்க்கவில்லை. என் ஞாபகத்தைக் கிளற, போலீஸ் ஒரு ஹிப்னாடிச டாக்டரை அழைத்து வந்தது. ஒல்லியான மனிதர். ஓடிகோலோன் மணக்கும் கைக்குட்டையை நாலாக மடித்து என் கண்மேல் வைத்தார்.

"பைக் செவப்பா இருந்துச்சா?" என்று தாலாட்டுவது போலக் கேட்டார். சிவப்பாகத் தெரிந்தது. ஓட்டியவன் முகமும் தெரிந்தது. போலீஸ் சிவப்பு பைக் வைத்திருந்த ஒருவரை ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அடையாள அணிவகுப்பில் அவரைத்தான் காட்டினேன்.

எட்டு மாதம் அவர் சிறையில் கிடந்த பிறகு, வேறு வழக்கில் சிக்கியவன் அந்தச் சங்கிலியை எடுத்துக் கொடுத்தான். அவன் பைக் கறுப்பு.

டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். கைக்குட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்: "நான் கேள்விதான் கேட்டேன். பாத்தது நீங்கதானே சார்?"

இன்றும் கண்ணை மூடினால் சிவப்பு பைக்தான் வருகிறது. ஓட்டுவதும் அந்த அப்பாவிதான்.