இருபது டொலர் என்வலப்போடு மில்லிக்கனுக்கு

ஞாயிறு காலை பத்தேகால். ரொறன்ரோவின் மல்வேர்னில் குளிர் மைனஸ் பதினான்கு. சேலைக்கு மேலே தடித்த குளிர்ச்சட்டை, கீழே பனிச்சப்பாத்து, நல்ல செருப்பு தனியாக ஒரு பையில். இந்தக் கோலத்தில் நானும் நிலானியும் மில்லிக்கனில் உள்ள விழா மண்டபத்துக்குப் புறப்பட்டோம். பத்துக் கிலோமீற்றர், இரண்டு பஸ், ஆளுக்கு மூன்று டொலர் முப்பது சதம். ராக்ஸி பிடித்தால் முப்பதுக்குக் குறையாது. விழா வீட்டுக்காரரின் வான் வண்டியில் எங்களுக்கு இடமில்லை. அதில் கேக்கும் பலூன்களும் போயின.

விழா சுகந்தி அன்ரியினது, திருமணமாகி இருபத்தைந்து வருடம். அவருடைய வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்ற்றில்தான், வெளிநாட்டு மாணவிகளான நாங்கள் இருவரும் ஆளுக்கு அறுநூற்றைம்பது டொலர் வாடகைக்கு இருக்கிறோம். "நீங்களும் எங்கட பிள்ளையள்தான். கட்டாயம் வரவேணும்" என்று படியில் நின்று சொல்லியிருந்தார்.

பிள்ளைகள்தான். ஆனால் பிள்ளைகளும் என்வலப் கொண்டுபோக வேண்டும். ரொறன்ரோவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நயாகராவைக் காட்டுவார்கள். இந்த என்வலப்பைப் பற்றி ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தமிழர் விழா ஒன்றுக்குப் போனால் தலைக்கு நூறு டொலர் வைக்க வேண்டும். ஹோலில் ஒரு சாப்பாட்டுக்கு அவ்வளவு முடிகிறதாம். என்னைக் கேட்டா ஹோல் பிடித்தார்கள்? படிப்புக் காலத்தில் எனக்குச் சட்டம் அனுமதிப்பது வாரத்துக்கு இருபத்துநாலு மணித்தியால வேலை. வாடகையை எடுத்துவைத்த பிறகு, அடுத்த சம்பளம் வரை என்னிடம் இருந்தது நாற்பத்தாறு டொலர். அதில் இருபதைப் பூப்போட்ட என்வலப் ஒன்றுக்குள் வைத்தேன்.

மார்க்கம் வீதி பஸ்ஸில் அதைச் சொன்னதும் நிலானி தலையில் கை வைத்தாள். அவள் கிரெடிட் கார்ட்டில் நூறு டொலர் எடுத்து வைத்திருந்தாள்.

"இருபதை வைச்சிட்டு அன்ரியின்ர முகத்தில எப்பிடி முழிப்பாய்? பேரை எழுதாமல் விடு. ஆருக்குத் தெரியப்போகுது?"

எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. திருடியா கொண்டுபோகிறேன், பெயரை மறைக்க? ஸ்டீல்ஸ் வீதி பஸ்ஸுக்கு மாறி உட்கார்ந்ததும் பேனையை எடுத்தேன். என்வலப்பின் மேல் பெயரை எழுதினேன். அதன் கீழே கொட்டை எழுத்தில் 'இருபது டொலர்' என்றும் எழுதினேன்.

"உனக்கென்ன விசரே? அன்ரி ரூமை விட்டு எழும்பச் சொன்னா எங்க போவாய்?"

அவள் கேட்டது நியாயம்தான். தனி அடுப்பும் மீன் பொரிக்க அனுமதியும் உள்ள அறை, அறுநூற்றைம்பதுக்கு, பஸ் தரிப்புக்குப் பக்கத்தில். இரண்டு மாதம் அலைந்து கண்டுபிடித்தது அது. மற்ற இடங்களில் தொள்ளாயிரம் கேட்டார்கள். அந்த அறை போனால் படிப்பும் ஆட்டம் காணும். ஆனாலும் எழுதியதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அழைப்பிதழில் பதினொன்றரை என்று போட்டிருந்தது. ஒரு மணிக்குத்தான், புகை மெஷின் ஊத, அங்கிளும் அன்ரியும் கைகோத்து வந்தார்கள். அன்ரி உண்மையிலேயே வடிவாக இருந்தார். பிறகு மேசை மேசையாக எல்லோரும் என்வலப்பைப் பெட்டியில் போட்டுவிட்டு, மேடைக்கு ஏறிப் படம் எடுக்க வேண்டும். மேடைப் படியில், அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குக் காவலாக அன்ரியின் தமையன் ராசன் அண்ணை நின்றார். என் என்வலப்பைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, வெளியில தொகை எழுதிறேல்லை."

"உள்ளுக்க இருக்கிறதைத்தான் எழுதினனான் அண்ணை. விரலுக்குத் தக்க வீக்கம்."

பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். நான் பெட்டியில் போடாமல், மேடையேறி அன்ரியின் கையிலேயே கொடுத்தேன். "ஸ்மைல் பண்ணுங்கோ அக்கா" என்றான் படக்காரன். அன்ரி சிரித்த வாய் மூடாமலே கேட்டார்.

"என்ன பிள்ளை இது, இவ்வளவு சனத்துக்கு முன்னால?"

"என்னட்டை உள்ளது இவ்வளவுதான் அன்ரி. நீங்கள் ரெண்டு பேரும் நல்லா இருக்கவேணும்."

மனதாரத்தான் சொன்னேன். அவர் அடுத்தவரிடம் கையை நீட்டினார். கீழே இறங்கி, ஆட்டிறைச்சிக் கறியும் இடியப்பமும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். நிலானி தன் நூறை நினைத்து ஒரு தரம்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

மாலை நான்கரைக்குத் திரும்பும் பஸ். இன்னொரு மூன்று டொலர் முப்பது. ஊரில் இருந்தபோது இப்படியான ஹோல் படங்களை ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்து ஏங்கியவள் நான். அந்தச் சேலைகளில் எத்தனை கடனுக்கு உடுத்தவை என்று படத்தில் தெரியாது. நிலானி ஜன்னல் பக்கம் திரும்பி, "ரூம் போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு படியில் கண்டாலும் அன்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒன்றாம் திகதி வந்தது. வழக்கமாக வாடகையை மடித்துக் கையில் கொடுப்பேன். இம்முறை, கடையில் வாங்கிய பைக்கற்றில் மிஞ்சியிருந்த, அதே பூப்போட்ட என்வலப் ஒன்றை எடுத்தேன். அதே பேனையால் என் பெயரை எழுதினேன். கீழே, அதே கொட்டை எழுத்தில், 'அறுநூற்றைம்பது டொலர்'. மேலே கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன்.

கூடத்தில் ராசன் அண்ணை தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அன்ரி என்வலப்பை வாங்கி, எழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிரித்து எண்ணினார். சரியாக இருந்தது.

"வாசல்படியில ஐஸ். வழுக்காமல் உப்புப் போட்டிட்டுப் போ" என்றார்.

"ஓம் அன்ரி" என்றேன். அறை இருக்கிறது. வெளியில் தொகை எழுதக்கூடாது என்று இந்தத் தடவை ஒருவரும் சொல்லவில்லை.